பழைய வாடகைக் கடைக்கு நோட்டீஸ் வந்தபோது

பழைய வாடகைதாரரை யாராலும் கிளப்ப முடியாது என்று எங்கள் பஜாரில் இன்றும் பலர் நம்புகிறார்கள். அது 1960ஆம் வருட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்த காலத்துப் பேச்சு. 2017இல் தமிழ்நாடு அரசு புதுச் சட்டம் இயற்றி, 2019 பிப்ரவரி 22 முதல் அமலுக்குக் கொண்டுவந்தது. பழைய சட்டம் அன்றோடு போய்விட்டது. இதைத் தெரியாமல் இருக்கிற கடைக்காரர்களுக்காகவே எழுதுகிறேன்.

மதுரையில் மாசி வீதியை ஒட்டிய ஒரு சந்தில் அப்பா 1989இல் பாத்திரக் கடை போட்டார். வாய்ப்பேச்சு வாடகைதான். பழைய ஓனர் காலமானதும் அவர் மகன் வந்து, 9,000 ரூபாய் வாடகையை 28,000 ஆக்கிக் கொடுங்கள், இல்லாவிட்டால் காலி செய்யுங்கள் என்றார். எழுத்தில் ஒப்பந்தம் போடுவோம் என்று கேட்டோம், மறுத்துவிட்டார். அடுத்த மாதம் வாடகையையும் வாங்கவில்லை.

வக்கீல் முதலில் சொன்னது, வாடகையை ஒரு மாதம்கூட நிறுத்தாதே என்பதுதான். மணியார்டரில் அனுப்பினோம். ‘வாங்க மறுப்பு’ என்று திரும்பி வந்த தாள்களை அப்படியே கோப்பில் வைத்தோம். பிறகு வாடகை அதிகாரியிடம் மனு போட்டுப் பணத்தைக் கட்டினோம். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத ஒருவர்தான் இந்த அதிகாரி. இதற்கிடையில் ஒரு நாள் கடைக்குக் கரண்ட் போனது. இணைப்பு ஓனர் பெயரில் இருந்தது. தண்ணீர், மின்சாரத்தை நிறுத்தி வாடகைதாரரை நெருக்கக் கூடாது என்று அந்தப் புதுச் சட்டத்தின் 20ஆம் பிரிவு சொல்கிறது. அதைக் காட்டி மனு கொடுத்ததும் இடைக்கால உத்தரவு வந்து விளக்கு எரிந்தது. கடைப் பையன்களுக்கு அன்றுதான் முகம் தெளிந்தது.

அப்புறம் வாடகை நீதிமன்றத்திலிருந்து நோட்டீஸ். ஓனர் மகன் இரண்டு காரணம் சொல்லியிருந்தார்: ஒன்று வாடகை பாக்கி, இன்னொன்று எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இல்லை. பாக்கி என்பது மணியார்டர் தாள்களுக்கு முன்னால் நிற்கவில்லை. இரண்டாவதுதான் ஆபத்து. ஒப்பந்தம் செய்யத் தவறினால் அதுவே காலி செய்யச் சொல்லப் போதுமான காரணம் என்று 21ஆம் பிரிவில் இருக்கிறது. “யாரால் தவறியது என்று வாதாடலாம் தம்பி, ஆனால் ஜெயிப்போம் என்று உறுதி சொல்ல மாட்டேன்” என்றார் வக்கீல். அப்படி நேராகச் சொன்னதற்கு அவருக்கு நான் கடமைப்பட்டவன். சாதாரண சிவில் வழக்கு மாதிரி வருடக்கணக்கில் வாய்தா வாங்கிக்கொண்டே போகவும் இங்கே வழியில்லை. பிரமாண வாக்குமூலத்தை வைத்துச் சுருக்கமாக விசாரிக்கிறார்கள்.

அதனால் சமரச மையத்துக்குப் போகச் சம்மதித்தோம். அங்கேதான் உண்மையான பேரம் நடந்தது. அப்பா மூன்று தவணையாகக் கொடுத்த 1,50,000 ரூபாய் அட்வான்ஸை ஓனர் மகன் ஒத்துக்கொள்ளவே இல்லை. பழைய ஓனர் தன் கையால் எழுதிக் கொடுத்த துண்டுச்சீட்டுகளை அம்மா பீரோவில் பத்திரமாக வைத்திருந்தார். அந்தக் கையெழுத்தைப் பார்த்ததும் எதிர்த்தரப்பின் குரல் இறங்கியது. கடைசியில் தீபாவளி வியாபாரம் முடியும்வரை அதே வாடகைக்கு இருப்பது, சாவி கொடுக்கும் அன்றே அட்வான்ஸ் முழுவதும் டிடியாகக் கைக்கு வருவது என்று முடிவானது. ‘சாவி கொடுத்த பிறகு’ என்று அவர்கள் எழுதியதை ‘சாவி கொடுக்கும்போதே’ என்று மாற்றும்வரை நான் கையெழுத்துப் போடவில்லை. அந்த ஒரு வரிக்காக ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்திருந்தோம்.

இப்போது பக்கத்துத் தெருவில் கடை இருக்கிறது. ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்த பிறகுதான் பலகை மாட்டினோம். பதினோரு மாதத்துக்குப் போட்டால் பதிவு வேண்டாம் என்று புரோக்கர் சொன்னார். சார் பதிவாளர் அலுவலகப் பதிவுக்கு அது சரி, இந்தச் சட்டப்படியான பதிவுக்கு அந்த விலக்கு கிடையாது. உங்கள் கடை ஒப்பந்தம் எந்தத் தேதியில் முடிகிறது என்று இன்றே எடுத்துப் பாருங்கள். முடிந்திருந்தால் புதுப்பிக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள், பதிவுத் தபாலில் அனுப்பி ஒப்புகை அட்டையைப் பத்திரப்படுத்துங்கள்.