தூங்கி வழிந்த சீடர்

இன்று காலை தியானத்தில் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவரின் தலை மெல்லச் சாய்ந்துகொண்டே போனது. தாடை மார்பில் இடித்ததும் விருட்டென்று நிமிர்ந்தார். சுற்றும் முற்றும் ஒரு பார்வை. அப்புறம் மறுபடியும் சாய்வு.

எனக்கு மகா மொக்கல்லானர் ஞாபகம் வந்தார்.

புத்தரின் இரு தலைமைச் சீடர்களில் ஒருவர். மகத நாட்டுக் கிராமம் ஒன்றில் தியானத்தில் இருந்தபோது அவரும் இப்படித்தான் தூங்கி வழிந்திருக்கிறார். புத்தரின் உரைகளின் தொகுப்பான அங்குத்தர நிகாயத்தில் இருக்கிறது. மறைக்காமல் சொல்லி வைத்தார்களே, அது எனக்குப் பிடிக்கும்.

புத்தர் திட்டவில்லை. ஒன்றன்பின் ஒன்றாக வழி சொல்கிறார். தூக்கம் கொண்டுவரும் நினைப்பை விடு. கற்ற தம்மத்தை, அதாவது போதனையை, எண்ணிப் பார், வாய்விட்டு ஓது. காதுகளை இழுத்துவிடு, கை கால்களைத் தேய். எழுந்து கண்களைக் கழுவி நட்சத்திரங்களைப் பார். மனதில் வெளிச்சத்தைக் கொண்டுவா. நட.

எதுவுமே பலிக்கவில்லையா? சரி, வலப்பக்கம் ஒருக்களித்துப் படு. விழித்ததும் எழுந்துவிடு.

ஆசை, வெறுப்பு, சோம்பல், மனக்கொந்தளிப்பு, சந்தேகம் என்று பௌத்தம் சொல்லும் ஐந்து தியானத் தடைகளில் சோம்பல் வெளியே தெரிந்துவிடும்.

வெறுப்பு அப்படியல்ல. நிமிர்ந்த முதுகோடு, மூடிய கண்களோடு, நேற்றைய சண்டைக்குப் பதில் தயாரித்துக்கொண்டிருக்கலாம். பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது.

அதற்கு, விழிப்புணர்வு பற்றிய புத்தரின் உரையான சதிபட்டான சூத்திரம் முதலில் கேட்பது, 'என்னுள் வெறுப்பு இருக்கிறது' என்று அறிவதை மட்டும்தான். விரட்டுவதெல்லாம் பிறகு.

எனக்கென்னவோ காதை இழுப்பதே சுலபமாகப் படுகிறது.