கறை படாத அறுவடை

ஆங்கில ஓவியர் ஜார்ஜ் ஸ்டப்ஸ் 1785இல் தீட்டிய கதிர் அறுப்போர் ஓவியத்தை அவரே செப்புத் தகட்டில் செதுக்கி, 1791இல் அச்சுப்படமாக வெளியிட்டார். அதைத்தான் இன்று காலை முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒளியும் நிழலும் இழையும் நுட்பம் மனதை அள்ளுகிறது. ஆனால் வேர்வை எங்கே? அரிவாளோடு குனிந்திருக்கும் ஆண்களின் சட்டையில் ஒரு பொட்டுக் கறை இல்லை. பெண்ணின் உடையோ திருவிழாவுக்குக் கிளம்பியதுபோல் இருக்கிறது. இந்தத் தூய்மை எனக்கு வலிக்கிறது.

இறந்த குதிரைகளை அறுத்துத் தசை தசையாக ஆராய்ந்து 1766இல் நூலே வெளியிட்டவர் அவர். நாள் முழுக்க வளைந்த முதுகு எப்படி இறுகும் என்பது அவருக்குத் தெரியாததா? படத்தில் நிமிர்ந்து, இளைப்பாறி அமர்ந்திருப்பவர் ஒருவர்தான்: குதிரைமேல் இருக்கும் மேற்பார்வையாளர்.