அலாரம் ஹிஸ்டரியைக் கீழிருந்து படியுங்கள்

மெஷின் நின்றுவிட்டது என்று போன் வந்தால் நான் முதலில் கேட்பது, "பேனலில் ஹிஸ்டரி பார்த்தீர்களா?" என்பதுதான். ஹிஸ்டரி என்றால், வந்த அலாரங்களைப் பேனல் நேரத்தோடு பதிந்து வைக்கும் லிஸ்ட். பார்த்தோம் என்பார்கள். பெரும்பாலும் பார்த்திருப்பது மேலே இருக்கும் ஒரே ஒரு வரியை.

சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் மெஷின்), ஜெனரேட்டர், கம்ப்ரசர் என்று பலவகை கன்ட்ரோல் பேனல்களில் வேலை பார்க்கிறேன். கம்பெனிக்குக் கம்பெனி மெனு மாறும். ஆனால் நான் பார்த்த பெரும்பாலான பேனல்களில் கடைசியாக நடந்தது மேலே இருக்கும், முதலில் நடந்தது கீழே இருக்கும். அவசரமாகப் பார்ப்பவர் கண்ணில் படுவது கடைசி அலாரம். கோளாறு தொடங்கிய இடம் அடுத்த பக்கத்தில் கிடக்கும்.

சமீபத்தில் ஓர் இடத்தில் வாட்டர் கூல்டு சில்லர் ஒன்று மதிய நேரத்தில் திரும்பத் திரும்ப நின்றது. லிஸ்டில் மேலே 'கண்டென்சர் வாட்டர் ஃப்ளோ இல்லை', அதாவது சில்லரின் சூட்டை வெளியே கொண்டுபோகும் தண்ணீர் ஓடவில்லை என்று இருந்ததால் பம்ப்பைக் கழற்றத் தயாராகிவிட்டார்கள். நான் கீழே தள்ளிப் பார்த்தேன். அதற்கு முந்தைய வரி, 'டிஸ்சார்ஜ் பிரஷர் அதிகம், ட்ரிப்'. அதாவது, கம்ப்ரசரிலிருந்து வெளியேறும் வாயுவின் அழுத்தம் எல்லை மீறியதால் பாதுகாப்புக்காக மெஷின் தானே நின்றிருக்கிறது. சில்லர் நின்ற பிறகுதான் பம்ப் நின்றிருக்கிறது, அதனால்தான் ஃப்ளோ போயிருக்கிறது. ட்ரிப்புக்குச் சற்று முன்னால் அதே பிரஷருக்கு ஒரு வார்னிங். அதற்கும் முன்னால்? அலாரம் லிஸ்டில் எதுவும் இல்லை.

அந்த இடத்தில்தான் ஈவென்ட் லாக் தேவைப்படுகிறது. பேனலில் இரண்டும் தனித்தனியாக இருந்தால் இரண்டையும் திறந்து பார்க்க வேண்டும். அலாரம் லிஸ்டில் கோளாறு என்று அமைத்து வைத்தவை மட்டும் வரும். ஈவென்ட் லாக்கில் மோட்டார் ஓடியது, நின்றது, ஆட்டோவிலிருந்து மேனுவலுக்கு மாற்றியது, யாரோ பாஸ்வேர்டு போட்டு செட் பாயிண்டை (மெஷினுக்குக் கொடுத்த இலக்கு அளவை) திருத்தியது எல்லாம் இருக்கும். அங்கே கிடைத்தது விடை: வார்னிங்குக்குச் சில நிமிடங்கள் முன்பு அந்தத் தண்ணீரை ஆறவைக்கும் கூலிங் டவரின் ஃபேன் ஆஃப். மோட்டார் அதிகக் கரண்ட் இழுத்தால் அதை நிறுத்தும் ஓவர்லோடு ரிலே ட்ரிப் ஆகியிருக்கிறது. அதை அந்தப் பேனலில் அலாரமாக அமைக்காமல் வெறும் ஆன், ஆஃப் தகவலாக விட்டிருந்தார்கள். ரிலே வேறு, தானாகவே பழைய நிலைக்குத் திரும்பும் ஆட்டோ ரீசெட்டில் இருந்ததால், ஆள் போய்ப் பார்க்கும் நேரத்தில் ஃபேன் பழையபடி சுற்றிக்கொண்டிருந்தது. ஃபேன் நின்றதும் தண்ணீர் சூடேறி, பிரஷரும் ஏறிவிட்டது. பம்ப்பில் ஒரு குறையும் இல்லை.

இன்னொன்று, அலாரம் வந்த நேரத்தோடு அது விலகிய நேரத்தையும் பாருங்கள். ஒரே சென்சாரின் அலாரம் சில நொடிகளுக்கு ஒருமுறை வந்து வந்து போகிறது என்றால் நான் முதலில் டெர்மினல் ஸ்க்ரூவையும் ஒயரையும்தான் தொட்டுப் பார்ப்பேன். நிஜமான சூடு அப்படிக் குதிக்காது. அக்னாலெட்ஜ் செய்த நேரம் என்பது 'அலாரத்தைப் பார்த்துவிட்டேன்' என்று யாரோ பட்டனை அழுத்திய நேரம், அவ்வளவுதான். கோளாறு சரியானதற்கு அது அத்தாட்சி ஆகாது.

இதையெல்லாம் அலாரம் அடிக்கும்போதே படிக்கலாமே என்று சிலர் சொல்கிறார்கள். 1994 ஜூலை 24 அன்று பிரிட்டனின் மில்ஃபோர்ட் ஹேவன் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் வெடிவிபத்து நடந்தது. அதற்கு முந்தைய கடைசி 11 நிமிடங்களில் இரண்டு ஆபரேட்டர்கள் முன்னால் வந்து குவிந்த அலாரங்கள் 275. எந்த மனிதரால் அதை அந்த நேரத்தில் வரிசைப்படுத்த முடியும்? பதிவாகி இருப்பதைப் பிறகு நிதானமாகப் படித்தால்தான் உண்டு.

படிப்பதற்கு முன் கடிகாரத்தைச் சரிபாருங்கள். உள்ளே இருக்கும் சின்ன பேட்டரி தீர்ந்துபோனால், கரண்ட் போய் வரும் ஒவ்வொரு முறையும் தேதி ஏதோ ஒரு பழைய ஆண்டுக்கு ஓடிவிடும். இரண்டு பேனல்களின் கடிகாரங்கள் இரண்டு நிமிடம் வித்தியாசப்பட்டாலே காரணமும் விளைவும் இடம் மாறித் தெரியும். 2003 ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்காவிலும் கனடாவிலும் சுமார் 5 கோடிப் பேருக்கு மின்சாரம் போனது. அதை விசாரித்தவர்களுக்கே இது பெரிய தலைவலி. பல பதிவுகளின் நேரம் ஒன்றோடொன்று பொருந்தாததால், எது முன், எது பின் என்று கோர்ப்பதே தனி வேலையாகிவிட்டது.

அப்புறம், பேனலின் மெமரிக்கு ஓர் அளவு உண்டு. அது நிரம்பிவிட்டால் புதிய வரி வரும்போது பழைய வரி அழியும். வந்து வந்து போகும் அலாரம் ஒன்று இருந்தால் போதும், ஒரே இரவில் முக்கியமான வரிகளை வெளியே தள்ளிவிடும்.

அதனால் ஆபரேட்டர்களிடம் நான் கேட்பது இதைத்தான். ரீசெட் அழுத்தும் முன் ஹிஸ்டரியின் எல்லாப் பக்கங்களையும், ஈவென்ட் லாக்கையும் சேர்த்து, போனில் படம் எடுத்துவிடுங்கள். பேனலின் நேரமும் போனின் நேரமும் எவ்வளவு வித்தியாசம் என்று குறித்துக்கொள்ளுங்கள். யுஎஸ்பி போர்ட் இருந்து, பேனலிலும் அந்த வசதி இருந்தால் ஃபைலாகவே எடுத்துவிடலாம். மெயினை ஆஃப் செய்து ஆன் செய்து பார்ப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். சில பழைய பேனல்களில் பேட்டரி தீர்ந்திருந்தால் கரண்ட் போகும்போது மொத்த லிஸ்டும் சேர்ந்து போய்விடும்.