ஐயாவின் நோட்டும் ஜெராக்ஸ் கடையும்

வீட்டுப் பெரியவர்கள் கைப்பட எழுதிய நோட்டைப் புத்தகமாக்க நினைப்பவர்கள், தையலைப் பிரிக்கக் கொடுக்கும் முன்பே பென்சிலால் பக்க எண் போட்டுவிடுங்கள். நான் போடாமல் கொடுத்துவிட்டேன்.

என் அப்பாவைப் பெற்ற ஐயா, நேதாஜி படையில் இருந்தவர். 1945 ஏப்ரலில் ஜப்பான்காரர்கள் ரங்கூனைக் காலி செய்தபோது, மேஜர் ஜெனரல் லோகநாதனோடு ஊரைக் காக்க நின்றவர்களில் அவரும் ஒருவர். மே 3 பிரிட்டிஷ் படை உள்ளே வந்தது, ஐயா சிறைக்குப் போனார். சண்டையெல்லாம் நாலே பக்கம். மிச்ச நோட்டு முழுக்க வெளியே வந்து பிழைத்த கதை.

பர்மாவின் மோல்மேன் ஊரிலிருந்து ராத்திரி பஸ் பிடித்து, யாங்கோனில் (பழைய ரங்கூன்தான்) ஒரு கடையில் கொடுத்தேன். மின்விசிறியை நிறுத்தச் சொன்னேன், கடைப்பையன் கேட்கவில்லை. பிரித்த தாள்கள் தரையெல்லாம் பறந்தன. அப்படியே வாரிக் கட்டிக் கொடுத்துவிட்டான். கண் கலங்கிவிட்டது.

தேதி பார்த்து அடுக்கலாம் என்றால் ஒரு பக்கத்தில் 2605, இன்னொன்றில் 1307. மூன்று ராத்திரி போனது. 2605 ஜப்பானியர் புழங்கிய ஆண்டு, 660 கழிக்க வேண்டும். 1307 பர்மிய ஆண்டு, 638 கூட்ட வேண்டும். இரண்டுமே 1945தான்!

தேதி இல்லாத தாள்களுக்குப் பூச்சி கைகொடுத்தது. பின்னட்டையில் மிளகளவு இருந்த ஓட்டை, முன்னே வர வர ஊசிமுனையாகச் சிறுத்திருந்தது. ஒவ்வொரு தாளையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து அடுக்கினேன். நகல் எடுத்தாயிற்றே என்று அசலை வீசிவிடாதீர்கள். நகலில் அந்த ஓட்டை வெறும் கறுப்புப் புள்ளி.

கடைசியில் ஒரு தாளைக் காணோம். பின்வாங்கி வந்த காட்டில் உப்புக்குத் தவித்தவர் ஐயா. விடுதலையான பிறகும் மடியில் உப்புப் பொட்டலம் இல்லாமல் துறைமுக வேலைக்குப் போனதில்லை என்று எழுதியிருக்கிறார். அப்புறம் 1964 மே மாதம், 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாமல் போனதைச் சொல்லும் பக்கத்தில், ‘உப்பை விட்டு ஆறு வருஷம்’ என்கிறார். ஏன் விட்டார்? அந்தத் தாள்தான் இல்லை. மறுபடி பஸ் ஏறி அந்தக் கடைக்குப் போனேன். குப்பையை அள்ளியாயிற்றாம்.

அப்பத்தாவிடம் கேட்டேன்.

“உங்கப்பன் பொறந்த அன்னிக்கு வீட்டுல பொட்டு உப்பில்ல. மடிய அவுத்துக் குடுத்தாரு. அப்புறம் கட்டவே இல்ல.”

அதை அப்பத்தா சொன்னபடியே எழுதி, அந்தத் தாள் இருந்த இடத்தில் வைத்திருக்கிறேன்.