நேர்காணலுக்குப் பிறகுதான் அலைச்சல்: என் அமெரிக்கக் குடியுரிமையின் கடைசிப் படிகள்

நேர்காணல் முடிந்துவிட்டால் குடியுரிமை கைக்கு வந்த மாதிரிதான் என்று எனக்கு முன்னால் இந்த வழியில் போன நண்பர்கள் அனைவரும் சொன்னார்கள். என்-400 என்ற குடியுரிமை விண்ணப்பம், கைரேகை, நேர்காணல் ஆகிய மூன்றும் எனக்கும் சிக்கலின்றி முடிந்தன; நேர்காணலில் அமெரிக்க வரலாறு, அரசமைப்பு பற்றிக் கேட்கும் பத்துக் கேள்விகளில் ஆறுக்குச் சரியாகப் பதில் சொன்னால் போதும் என்றிருந்த அப்போதைய முறையில் முதல் ஆறும் சரியாக அமைந்துவிட்டதால், ஏழாவது கேள்வியை அந்த அதிகாரி கேட்கவேயில்லை. அது 2024 ஜூன் மாதம். இந்தியக் கடவுச்சீட்டை ஒப்படைத்து அதற்கான சான்றிதழை வாங்கி முடிக்க அடுத்த ஆண்டு பிப்ரவரி ஆகிவிட்டது. இடைப்பட்ட எட்டு மாத அலைச்சலில் பாதிக்கு என் பெயர் காரணம், மீதிக்கு என் கவனக்குறைவு காரணம்.

பெயர் விவகாரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தமிழர்களில் பலருக்கு இது பொருந்தும். எங்கள் குடும்பத்தில் யாருக்கும் குடும்பப்பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதலெழுத்து, பிறகு நம் பெயர், அவ்வளவுதான். என் இந்தியக் கடவுச்சீட்டில் குடும்பப்பெயர்க் கட்டம் காலியாக இருந்தது. என் பெயரும் அப்பாவின் பெயரும் சேர்ந்து இன்னொரு கட்டத்தில் இருந்தன. விசா அச்சிட்டபோது அந்த இரண்டையும் குடும்பப்பெயர் ஆக்கிவிட்டு, முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்என்யு என்று போட்டுவிட்டார்கள். 'முதற்பெயர் தெரியவில்லை' என்பதன் சுருக்கம் அது. விசாவில் ஒட்டிய அந்த மூன்றெழுத்து ஓட்டுநர் உரிமம், வங்கிக் கணக்கு, மருத்துவக் காப்பீடு, கிரீன் கார்டு என எல்லாவற்றிலும் தொற்றிக்கொண்டது. மருந்துக்கடையில் 'மிஸ்டர் ஃப்நூ' என்று கூப்பிட்டால் எழுந்து போவதற்குப் பதினான்கு ஆண்டுகளில் பழகியும் போனேன்.

குடியுரிமை விண்ணப்பத்திலேயே பெயர் மாற்றம் கேட்கலாம், அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. நான் கேட்டேன், கேட்டதில் இன்றும் வருத்தமில்லை. ஆனால் பெயரை மாற்றும் அதிகாரம் நீதிமன்றத்துக்குத்தான் உண்டு என்பதால், பெயர் மாற்றம் கேட்டவர்கள் குடியுரிமையை முழுமையாக்கும் உறுதிமொழியை நீதிபதி முன்னிலையில் நடக்கும் விழாவில்தான் எடுக்க முடியும். நான் இருக்கும் ஒஹாயோ பகுதியில் அது நினைத்தபோது நடப்பதில்லை. என்னோடு ஒரே வாரத்தில் நேர்காணல் முடித்த அலுவலக நண்பர் பெயர் மாற்றம் கேட்காததால் பதினைந்தாம் நாளே உறுதிமொழி எடுத்துவிட்டார். நான் பதினோரு வாரம் காத்திருந்தேன். ஊருக்குப் போகும் பயணம் ஏதாவது இருந்தால் இந்த இடைவெளியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பதினோரு வாரத்தில் ஒரு நாள், முப்பத்தைந்து மைல் வேகத்தில் போக வேண்டிய சாலையில் நாற்பத்தொன்பதில் போய் அபராதச் சீட்டு வாங்கினேன். மறுநாளே இணையத்தில் பணத்தைக் கட்டிவிட்டு மறந்தும்விட்டேன். விழாவுக்கான அழைப்பு என்-445 என்ற படிவமாக வந்தது. அதன் பின்பக்கத்தில், நேர்காணலுக்குப் பிறகு திருமணமோ விவாகரத்தோ நடந்ததா, வெளிநாடு போனீர்களா, எந்தச் சட்டத்தையாவது மீறி அபராதம் கட்டினீர்களா என்ற கேள்விகள் இருக்கும். போக்குவரத்து விதிமீறலும் அதில் அடக்கம் என்று அங்கேயே அச்சிட்டிருக்கிறது. இந்தப் பக்கத்தை விழா நாளன்று நிரப்ப வேண்டும். நான் அழைப்பு வந்த அன்றே உற்சாகத்தில் எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று குறித்துக் கையெழுத்தும் போட்டு வைத்திருந்தேன். விழாவுக்கு முந்தைய இரவு அதைப் படித்துப் பார்த்த என் மனைவிதான், "அந்த ஸ்பீடிங் டிக்கெட்டை மறந்துவிட்டீர்களா?" என்று கேட்டார். 'இல்லை' என்பதை அடித்து 'ஆம்' என்று திருத்தி, பக்கத்தில் சுருக்கொப்பமும் தேதியும் போட்டேன். அன்றிரவு நான் சரியாகத் தூங்கவில்லை.

மறுநாள் காலை கூட்டாட்சி நீதிமன்றத்தின் வாசலில் பைகளைச் சோதித்த காவலர்கள் கைப்பேசியை உள்ளே எடுத்துச் செல்லக் கூடாது என்றார்கள். காரில் வைத்துவிட்டு வந்து வரிசையில் நின்றேன். பதிவு மேசையில் இருந்த பெண்மணி என் கிரீன் கார்டை வாங்கி ஒரு பெட்டியில் போட்டுவிட்டு, படிவத்தைத் திருப்பி, நான் அடித்துத் திருத்திய இடத்தில் விரலை வைத்தார். அபராதம் கட்டிய ரசீது எங்கே என்று கேட்டார். ரசீது கைப்பேசியில் இருக்கிறது, கைப்பேசி காரில் இருக்கிறது, கார் மூன்று தெரு தள்ளி நிற்கிறது. கைப்பேசியை எடுத்து வந்தாலும் உள்ளே விடமாட்டார்கள் என்று சொன்னபோது அவர் தோளைக் குலுக்கினார். காகிதமாகத்தான் வேண்டும், இல்லையென்றால் அடுத்த விழாவுக்கு மாற்றிவிடுவோம் என்றார்.

மணி எட்டு நாற்பது, விழா பத்து மணிக்கு. ஓடினேன். பக்கத்துத் தெருவில் இருந்த பொது நூலகம் ஒன்பது மணிக்குத்தான் திறக்கும் என்று கதவில் எழுதியிருந்தது. திறந்ததும் முதல் ஆளாக உள்ளே போய், மின்னஞ்சலைத் திறந்து, பத்து சென்ட் கொடுத்து ஒரு பக்கம் அச்செடுத்து, கோட்டும் டையுமாக வியர்க்க வியர்க்கத் திரும்பி வந்தபோது மணி ஒன்பது இருபத்தைந்து. அந்தப் பெண்மணி ரசீதை ஐந்து வினாடி பார்த்துவிட்டுப் படிவத்தோடு இணைத்தார். அந்த ஐந்து வினாடிக்காகத்தான் இவ்வளவு ஓட்டமும். சிறிய அபராதச் சீட்டு குடியுரிமையைத் தடுக்காது, அதை மறைப்பதுதான் ஆபத்து என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள். ஆகவே விழாவுக்குப் போகும்போது எதையும் கைப்பேசியில் நம்பாமல் காகிதமாக எடுத்துச் செல்லுங்கள்.

விழாவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நீதிபதி நன்றாகப் பேசினார், எழுந்து நின்று வலக்கையை உயர்த்தி உறுதிமொழி சொன்னோம், பெயர் மாற்ற மனுக்களை அவர் ஒரே மூச்சில் அனுமதித்தார். நீதிமன்ற முத்திரையிட்ட அந்த ஆணையையும் குடியுரிமைச் சான்றிதழையும் ஒரே உறையில் வைத்துக் கொடுத்தார்கள்.

சான்றிதழில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒவ்வோர் எழுத்தாகப் படியுங்கள் என்று ஒரு நண்பர் சொல்லியிருந்தார். அவர் நன்றாக இருக்கட்டும். என் அப்பாவின் பெயரில் ஒரு ழகரம் உண்டு. அதை ஆங்கிலத்தில் இசட், எச் என்று இரண்டு எழுத்தாக எழுதுகிறோம். நீதிபதி கையெழுத்திட்ட ஆணையில் இரண்டும் இருந்தன. சான்றிதழில் இசட் மட்டும் இருந்தது, எச் இல்லை. பிறந்த தேதி, உயரம், புகைப்படம் எல்லாம் சரி. மேசைக்குத் திரும்பிப் போனேன். அங்கிருந்த இளைஞர், ஓர் எழுத்துத்தானே, வீட்டுக்குப் போய் என்-565 படிவத்தில் திருத்தம் கேளுங்கள் என்றார். தவறு அவர்களுடையது என்றால் அதற்குக் கட்டணம் இல்லைதான். ஆனால் மாதக்கணக்கில் ஆகும், அதுவரை கடவுச்சீட்டு, சோஷியல் செக்யூரிட்டி என்ற சமூகப் பாதுகாப்புப் பதிவு எல்லாவற்றிலும் அந்தத் தவறு ஏறிவிடும். எஃப்என்யு எப்படிப் பரவியது என்பதைப் பதினான்கு ஆண்டுகளாகப் பார்த்தவன் நான். ஆணையையும் சான்றிதழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்பதையும் காட்டி, மேலதிகாரியைப் பார்க்க வேண்டும் என்று பணிவாகவே சொன்னேன். வந்தவர் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, சான்றிதழைத் திரும்ப வாங்கிக்கொண்டு, ஆறு நாள் கழித்து அலுவலகத்தில் வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார். என் கிரீன் கார்டு போய்விட்டது, சான்றிதழும் கையில் இல்லை, நான் யார் என்பதற்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டு, அழைப்பின் நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிய பிறகே வெளியே வந்தேன். கேட்டிருக்காவிட்டால் அதுவும் கிடைத்திருக்காது. ஆறாம் நாள் எச்சோடு சேர்ந்த சான்றிதழ் கிடைத்தது.

அடுத்தது கடவுச்சீட்டு. உறுதிமொழி எடுத்த நாளிலிருந்து அமெரிக்கக் கடவுச்சீட்டு வரும் வரை நாட்டை விட்டு வெளியே போகலாம் என்ற எண்ணமே வேண்டாம். கிரீன் கார்டு இல்லை, இந்தியக் கடவுச்சீட்டைப் பயன்படுத்துவது குற்றம். கடவுச்சீட்டுக்கான டிஎஸ்-11 படிவத்தை நேரில்தான் கொடுக்க வேண்டும். தபால் நிலையத்தில் முன்பதிவு செய்து, அரை நாள் விடுப்பு எடுத்துப் போனேன். எழுத்தர் என் சான்றிதழையும் ஓட்டுநர் உரிமத்தையும் மாறி மாறிப் பார்த்தார். சான்றிதழில் புதுப் பெயர், உரிமத்தில் எஃப்என்யு. "இது நீங்கள்தான் என்று எனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். பெயர் மாற்ற ஆணை வீட்டில் இருந்தது. சான்றிதழே புதுப் பெயரில் இருக்கும்போது ஆணை எதற்கு என்று நினைத்து எடுத்து வராதது என் தவறு. அரை நாள் வீண்.

இரண்டாவது முறை கவுண்டி அலுவலகத்தின் கடவுச்சீட்டுப் பிரிவுக்குப் போனேன். ஆணையைக் காட்டியதும் பத்து நிமிடத்தில் முடிந்தது. கட்டணத்தை இரண்டாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும்: 130 டாலர் வெளியுறவுத் துறையின் பெயருக்குக் காசோலையாக, 35 டாலர் விண்ணப்பத்தை வாங்கும் அலுவலகத்துக்கு. முதல் தொகையைக் கடன் அட்டையில் கட்ட முடியாது. எனக்குப் பின்னால் நின்றவர் காசோலை கொண்டு வராமல் திரும்பிப் போனார். சான்றிதழின் நகலும் கேட்பார்கள். அதிகாரமின்றி நகலெடுப்பது தண்டனைக்குரியது என்று அந்தச் சான்றிதழிலேயே அச்சிட்டிருப்பதைப் பார்த்து, நகல் கடையில் இருந்த பையன் எடுக்க மறுத்துவிட்டான். கடவுச்சீட்டுக்கு நகல் தேவை என்று அரசே சொல்வதால் பயப்பட ஒன்றுமில்லை, வீட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். மூலச் சான்றிதழையும் அனுப்பியே ஆக வேண்டும். அது கடவுச்சீட்டோடு வராது, தனி உறையில் பின்னால் வரும். இது தெரியாமல் என் மனைவி தபால் பெட்டியை நாளைக்கு மூன்று முறை திறந்து பார்த்தார். பன்னிரண்டாம் நாள் வந்தது.

திரும்பச் செய்ய வேண்டியிருந்தால் என் வரிசை வேறாக இருக்கும். முதலில் சோஷியல் செக்யூரிட்டி அலுவலகம். உறுதிமொழிக்குப் பிறகு பத்து நாளாவது விட்டுப் போனால்தான் அவர்கள் கணினியில் நம் புது நிலை தெரியும். பிறகு ஓட்டுநர் உரிமம். அதற்குப் பிறகு கடவுச்சீட்டு. நான் தலைகீழாகச் செய்தேன்.

இந்தியப் பக்கம் மிச்சமிருந்தது. 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டப்படி, வேறு நாட்டுக் குடியுரிமையை விரும்பிப் பெற்ற கணமே இந்தியக் குடியுரிமை போய்விடுகிறது. கடவுச்சீட்டை ஒப்படைத்து அதற்கான சான்றிதழ் வாங்கினால்தான் பிறகு ஓசிஐ அட்டைக்கு, அதாவது வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் அட்டைக்கு, விண்ணப்பிக்க முடியும். விண்ணப்பங்களைச் சேகரிக்கும் தனியார் நிறுவனத்துக்கு எல்லாவற்றையும் அடுக்கி அனுப்பினேன். மூன்று வாரம் கழித்து முழுக் கட்டும் அப்படியே திரும்பி வந்தது. படிவத்தில் நான் புதுப் பெயரை எழுதியிருந்தேன்; கைவிடப்போவது பழைய பெயரில் இருந்த குடியுரிமை என்பதால் இந்தியக் கடவுச்சீட்டில் உள்ளபடிதான் எழுத வேண்டுமாம். அதோடு இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று நோட்டரி முன்னிலையில் கையெழுத்திட்ட உறுதிமொழிப் பத்திரமும் கேட்டார்கள். இந்த இரண்டையும் தொலைபேசியில் கேட்டபோதே சொல்லியிருக்கலாம். மூன்று முறை கூப்பிட்டு மூன்று விதமான பதில் வாங்கியதுதான் மிச்சம்.

இரண்டாம் முறை கேட்ட எல்லாவற்றையும் வைத்ததோடு, கேட்காத பெயர் மாற்ற ஆணையின் நகலையும் சேர்த்து அனுப்பினேன். பிப்ரவரி கடைசியில், ரத்து முத்திரை குத்திய பழைய கடவுச்சீட்டும் சான்றிதழும் வந்தன. அனுப்புவதற்கு முன் கடவுச்சீட்டின் எல்லாப் பக்கங்களையும், காலிப் பக்கம் உட்பட, நகலெடுத்து வைத்திருந்தேன். ஓசிஐ விண்ணப்பத்துக்கு அந்த நகல்கள் இப்போது உதவுகின்றன. அந்த விண்ணப்பத்தைப் பாதி நிரப்பி வைத்திருக்கிறேன். மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்துக்கு மட்டும் பெயர் மாற்றத்தைத் தெரிவிக்க மறந்துவிட்டேன். போன வாரம் மருந்துக்கடையில் மறுபடி 'மிஸ்டர் ஃப்நூ' என்று கூப்பிட்டார்கள். எழுந்து போனேன்.