துபாய்ல ஒரு ஸ்டூடியோ, உறுதியில அப்பா பேரு

போன ஞாயித்துக்கிழம இங்க இலங்க மலையகத்துல ஹட்டன் பஸ் ஸ்டாண்ட்ல நம்ம பக்கத்து தேயிலத் தோட்டத்து அண்ணன் ஒருத்தரு கைய புடிச்சி நிறுத்திட்டாரு. மகன் கத்தார்ல இருக்கான், கையில கொஞ்சம் காசு சேந்துருக்கு, யாரோ போன் பண்ணி துபாய்ல அபார்ட்மன்ட் வாங்கிப் போடு, மாசாமாசம் வாடக வரும்னு சொல்றாங்களாம், நீ வாங்குனவன் தானே தம்பி, நம்பலாமான்னு கேட்டாரு. கொட்டகல பஸ் கெளம்புற நேரம், அவசரத்துல ஏதோ ரெண்டு வார்த்த சொல்லிட்டு ஏறிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு மனசு கேக்கல, அவரு கேட்டது சின்ன விஷயம் இல்ல, மகனோட பத்து வருஷ வேர்வ அது. அதனால தெரிஞ்சத எல்லாம் இங்க எழுதிடுறேன்.

நானும் தம்பியும் 2021ல துபாய் இன்டர்நேஷனல் சிட்டில ஒரு ஸ்டூடியோ வாங்குனோம். ஸ்டூடியோன்னா தனி பெட்ரூம் கெடயாது, ஒரே ஹால், ஒரு ஓரத்துல குசினி, ஒரு பாத்ரூம், அவ்வளவுதான். வெல 2 லட்சத்து 45 ஆயிரம் திர்ஹம். நான் அங்க ஒரு ஹோட்டல்ல எக்கவுன்ட்ஸ்ல வேல செஞ்சேன், தம்பி ஒரு வெயார்ஹவுஸ்ல சுப்பவைசர், ரெண்டு பேரும் ஒரே ரூம்ல ஆறு பேரோட இருந்து சேத்த காசு.

முதல்ல வெலய பத்தின கணக்க சொல்றேன், ஏன்னா போன் பண்றவங்க இத சொல்ல மாட்டாங்க. 2 லட்சத்து 45 ஆயிரம்னா அதோட முடியாது. லேன்ட் டிபார்ட்மன்டுக்கு வெலயில 4 சதவீதம், அது மட்டும் 9,800. ஏஜன்ட்டுக்கு 2 சதவீதம், அந்த ஏஜன்ட் காசு மேல வாட் வரி 5 சதவீதம். ட்ரஸ்டி ஆபிஸ்னு ஒண்ணு இருக்கு, அங்கதான் கைமாத்துற வேல நடக்கும், அஞ்சு லட்சத்துக்கு கொறஞ்ச வீடுன்னா அவங்களுக்கு 2,000மும் வாட்டும். பில்டிங் கட்டுன கம்பனி நிலுவை ஒண்ணும் இல்லன்னு ஒரு கடிதம் குடுக்கணும், அதுக்கும் காசு. எல்லாம் சேத்து கிட்டத்தட்ட 19,000 திர்ஹம், அன்னைக்கு நம்ம காசுல பத்து லட்சம் ரூவா, ஒரு செங்கல்லு கூட வாங்காம போன பணம். இத ஆரம்பத்துலயே ஒதுக்கி வைக்கலன்னா கடைசி நேரத்துல கடன்தான் வாங்கணும்.

அடுத்து வாடக. வருஷத்துக்கு 24,000, நாலு செக்கா வாங்குனோம், அங்க அப்படித்தான், வருஷத்து வாடகைய ஒரு செக், ரெண்டு செக், நாலு செக்னு முன்கூட்டியே எழுதி குடுப்பாங்க. ஏஜன்ட் கால்குலேட்டர தட்டி பாத்தீங்களா கிட்டத்தட்ட 10 சதவீதம்னு சொன்னாரு. ஆனா பில்டிங் பராமரிப்புக்கு சேவிஸ் சார்ஜ்னு சதுர அடி கணக்குல வருஷாவருஷம் கட்டணும், எங்களுக்கு 5,200 வந்துச்சு. வீட்ட பாத்துக்குறவருக்கு 1,200. முதல் வருஷமே ஏசி கம்ப்ரஸர் போயிருச்சு, அங்க ஏசி இல்லாத வீட்டுல ஒரு நாள் கூட மனுசன் இருக்க முடியாது, ஒடனே மாத்த வேண்டியதா போச்சு. கடைசில கைக்கு வந்தது 16,000 சொச்சம், நாங்க மொத்தமா போட்ட 2 லட்சத்து 64 ஆயிரத்துக்கு அது 6 சதவீதம் சொச்சம் தான். அது மோசம்னு சொல்லல. ஆனா பத்துன்னு நெனச்சி வீட்டுல நகைய அடகு வச்சி போட்டவங்களுக்கு ஆறு வந்தா குடும்பமே ஆடிப் போயிரும்.

இந்த ஆறுக்கு எதுக்கு நாங்க இவ்வளவு கஷ்டப்பட்டோம்னு கேட்டா, காரணம் வாடக இல்ல. அத சொல்லாம விட்டா இந்த பதிவே பொய்யாயிரும்.

எங்க தாத்தா காலத்துல இருந்து நாங்க இருந்தது லயத்துல, தோட்டத்து ஆளுகளுக்கு வரிசையா ஒட்டி கட்டுன வீடு அது. பத்துக்கு பன்னெண்டு அடியில ஒரே ரூம், அதுக்கு பேரு காம்பரா, முன்னால இஸ்தோப்புன்னு ஒரு வராந்தா. தோட்டத்து நெலம் அரசாங்கத்தோடது, 1992ல இருந்து கம்பனிகளுக்கு குத்தகைக்கு போச்சு, அப்பா 38 வருஷம் அந்த மண்ணுல வேல செஞ்சாரு, 2016ல அதே காம்பராவுல தான் செத்தாரு. சாகுற வரைக்கும் கூரைக்கு ஒரு தகரம் மாத்தணும்னா கூட தோட்டத்து மேனேஜரோட ஆபிஸ், தொரை கந்தோர்ல போய் நிக்கணும். 1948ல பிரஜாவுரிமைய பறிச்சாங்க, 1964 இந்தியா-இலங்க ஒப்பந்தத்துல ஆளுகள கணக்கு போட்டு பிரிச்சாங்க, 2023ல நம்ம ஆளுக மலைக்கு வந்து 200 வருஷம்னு தலைமன்னார்ல இருந்து மாத்தளைக்கு நடந்தே வந்தாங்க, இத்தனைக்கும் பிறகு 7 பேர்ச்சஸ் நெலத்துல வீடு கெடச்ச குடும்பங்கள்ல கூட உறுதி, அதாவது சொத்துப் பத்திரம், கைக்கு வராதவங்க நெறய. அப்படிப்பட்ட எங்களுக்கு உறுதின்ற வார்த்தயே வேற மாதிரி காதுல விழும்.

2022 தைப்பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது துபாய் உறுதிய பிரிண்ட் எடுத்து ப்ளாஸ்டிக் கவர்ல போட்டு கொண்டு வந்தேன். ஒரே ஒரு தாள். ஒரு பக்கம் அரபி, ஒரு பக்கம் இங்கிலீஷ். அம்மாவுக்கு ரெண்டும் தெரியாது. மொத்தம் 45 சதுர மீட்டர், எனக்கு 22.5, தம்பிக்கு 22.5ன்னு கட்டம் போட்டு எழுதி இருக்கும், நம்ம பாஸ்போர்ட்ல இருக்குற மாதிரி அப்பா பேரோட சேத்து முழுப்பேரா. அம்மா கண்ணாடிய போட்டுக்கிட்டு எங்க இருக்கு நம்ம பேருன்னு கேட்டாங்க. வெரல வச்சி காட்டுனேன், இது நான், இது தம்பி, இந்த ரெண்டு இடத்துலயும் முன்னால இருக்குறது அப்பா பேரும்மான்னு. கொழுந்து கறை ஏறி வெடிச்சிருக்குற வெரலால அந்த ரெண்டு இடத்தயும் மாறி மாறி தடவிக்கிட்டே இருந்தாங்க. பெறகு சொன்னாங்க, "ஒரே நாள்ல ரெண்டு பேரு விழுந்துருக்கு உங்கப்பாவுக்கு."

தோட்டத்துல வேல செஞ்சவங்களுக்கு இது வெளங்கும். பேரு விழுறதுன்னா ஒரு நாள் சம்பளம். காலையில வேலக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்கு போய், சொன்ன கிலோ கொழுந்து எடுத்தா முழுப்பேரு, கொறஞ்சா அரப்பேரு. மழயில நனஞ்சி, அட்ட கடிச்சி, கடைசில தராசுல ரெண்டு கிலோ கொறஞ்சி அரப்பேரோட அம்மா வீட்டுக்கு வந்த நாள் எத்தனயோ. 45 சதுர மீட்டர்னா நாலு லயத்து காம்பரா அளவு, அன்னைக்கு ராத்திரி தான் நான் அத கணக்கு போட்டு பாத்தேன்.

இப்ப நான் சொல்ல வர்றது இதுதான். நம்மகிட்ட இருக்குற இந்த பசி, ஒரு தாள்ல நம்ம பேரு இருக்கணும்ற பசி, அது விக்கிறவங்களுக்கு நல்லாவே தெரியும். அதனால எந்த தாள்ல, யார் பேரு, யார் பதிஞ்சது, இந்த மூணையும் பாக்காம ஒரு சதம் குடுக்க கூடாது.

என் மச்சான் ஒருத்தரு, மனைவியோட அண்ணன், கொழும்புல ஒரு ஹோட்டல் ஹால்ல நடந்த கூட்டத்துக்கு போனாரு. கண்ணாடி பொட்டில சின்னதா பில்டிங் மாடல் வச்சி, லைட் போட்டு, ஜூஸ் குடுத்து, இன்னைக்கு 10 சதவீதம் கட்டுனா மிச்சம் வீடு கட்டக் கட்ட கொஞ்சம் கொஞ்சமா கட்டலாம்னு சொன்னாங்க. அவரு கட்டிட்டாரு. கட்டுனது அந்த ஏஜன்ட் கம்பனியோட சொந்த எக்கவுன்டுக்கு. துபாய்ல 2007ல இருந்தே சட்டம் இருக்கு, கட்டி முடிக்காத வீட்டுக்கு வாங்குறவங்க குடுக்குற காசு அந்த ப்ரொஜெக்ட்டுக்குன்னு தொறந்த எஸ்க்ரோ எக்கவுன்டுக்கு தான் போகணும், பில்டரால கூட இஷ்டத்துக்கு தொட முடியாது. அதோட ஓகூத்னு ஒரு பதிவு, லேன்ட் டிபார்ட்மன்ட்ல நம்ம பேருக்கு எழுதணும், முடிச்ச வீட்டுக்கு உறுதி மாதிரி முடிக்காத வீட்டுக்கு அது. மச்சானுக்கு ரெண்டும் இல்ல, கையில இருந்தது கலர் கலரா ஒரு புக்கிங் போர்ம் மட்டும். நான் லேன்ட் டிபார்ட்மன்டோட துபாய் ரெஸ்ட்ன்ற போன் அப்ல அந்த ப்ரொஜெக்ட்ட தேடி பாத்து சொன்ன நாள் அவரு சாப்பிடல. அந்த காசு இன்னும் வரல, இவ்வளவுக்கும் அவரு வேன வித்த காசுல தான் அத போட்டிருந்தாரு.

அதனால என்னோட முடிவு இது, யாரு என்ன சொன்னாலும் மாத்த மாட்டேன்: நம்மள மாதிரி ஆளுக கட்டி முடிச்ச வீட்ட மட்டும் தான் வாங்கணும், அதுவும் நேர்ல போய், தண்ணி பைப்ப தொறந்து பாத்து, பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட சேவிஸ் சார்ஜ் எவ்வளவுன்னு கேட்டு.

திருச்சில வாங்கலாமே, நம்ம சொந்தக்காரங்க இருக்காங்களேன்னு நெறய பேரு கேப்பாங்க. இலங்க பிரஜைக்கு இந்தியாவுல வீடோ நெலமோ வாங்க ரிசர்வ் பேங்க் முன் அனுமதி வேணும், பாகிஸ்தான், பங்களாதேஷ், சீனா இவங்களோட நம்மளயும் அந்த லிஸ்ட்ல வச்சிருக்காங்க. இந்திய வம்சாவளிக்கு குடுக்குற ஓசிஐ கார்ட் இருக்குறவங்களுக்கு அது வேற. இது தெரியாம, தெரிஞ்சும் பரவாயில்லன்னு, 70கள்ல கப்பல் ஏறிப் போன சொந்தத்தோட பேர்ல வாங்கிப் போட்டாரு எங்க பெரியப்பா. அந்த சொந்தம் செத்ததும் பிள்ளைங்க வித்துட்டாங்க. உறுதில அவரு பேரு இல்ல, அவரு யார்கிட்ட போய் என்ன கேக்க முடியும்? மலேசியாவும் விசாரிச்சோம், கோலாலம்பூர்ல வெளிநாட்டுக்காரன்னா பத்து லட்சம் ரிங்கிட்டுக்கு கொறஞ்ச வீட்ட வாங்கவே முடியாது, அஞ்சு வருஷத்துக்குள்ள வித்தா லாபத்துல 30 சதவீதம் வரி, நமக்கு சரிவராது.

இன்னொண்ணு, காசு எங்க இருந்து போகுதுன்றது. இங்க ஹட்டன்ல பேங்க்ல இருக்குற ரூவாவ நெனச்ச மாதிரி டொலரா மாத்தி வீடு வாங்க அனுப்ப முடியாது, 2017 அந்நிய செலாவணி சட்டத்தோட ஒழுங்குவிதிக்கு உட்பட்டு தான் அனுப்பணும், எல்லையும் காலத்துக்கு காலம் மாறும், பேங்க்ல கேட்டுட்டு தான் எறங்கணும். பேங்க்க விட்டு உண்டியல்ல, கள்ள வழியில, அனுப்பலாம்னு சொல்றவங்க பேச்ச கேக்கவே வேண்டாம், அங்க வீடு வாங்கும்போது காசு எங்க இருந்து வந்துச்சுன்னு கேட்டா காட்ட ஒரு துண்டு கூட இருக்காது. நாங்க வாங்குனது அங்கயே சம்பாதிச்சி அங்கயே பேங்க்ல போட்ட காசு, அதனால பிரச்சன இல்ல. அந்த அண்ணன் மகனும் வெளிய இருக்கும்போதே செய்யிறது தான் நல்லது. ஊருக்கு வந்து குடியிருந்தா அந்த வாடகையயும் இங்க இன்லன்ட் ரெவனியூவுக்கு காட்டணும், அதயும் சேத்து சொல்லிடுறேன்.

அந்த வீடு எங்களுக்கு ஒரு விஷயத்துல கை குடுத்துச்சு. திர்ஹம் 1997ல இருந்து டொலரோட கட்டி வச்சது, ஒரு டொலருக்கு 3.6725. 2022 மார்ச்ல நம்ம ரூவா விழ ஆரம்பிச்சப்போ, 54 ரூவா திர்ஹம் மே மாசம் 97, 98க்கு போச்சு. 6,000 திர்ஹம் செக் ஒண்ணு முன்னால மூணேகால் லட்சம் ரூவா, அப்போ அஞ்சே முக்கால் லட்சம். அம்மா மண்ணெண்ணெய்க்கு விடியக்காலம் மூணு மணிக்கு கேன வரிசையில வச்சிட்டு குளுருல நின்ன மாசம் அது. அந்த செக்குல தான் லயத்துல நாலு வீட்டுக்கு அரிசி மூட்ட எறக்குனோம், அம்மாவுக்கு மருந்தும் வாங்குனோம். ஆனா இத பாத்துட்டு வீடு வெல ஏறிக்கிட்டே இருக்கும்னு நெனைக்க கூடாது, அதே துபாய்ல 2008க்கு பிறகு வெல பாதிக்குப் பாதி விழுந்துச்சு, 2014க்கு பிறகும் ஆறு வருஷம் எறங்கிக்கிட்டே இருந்துச்சு. நாங்க வாங்குனது எறங்கி முடிஞ்ச நேரம், அது எங்க கெட்டித்தனம் இல்ல, காசு அப்பதான் சேந்துச்சு.

2023ல நான் ஊரோட வந்துட்டேன், இப்ப தூரம் தான் கஷ்டமா இருக்கு. தம்பி அங்க இருக்குறதால சமாளிக்கிறோம். அவனும் வந்துட்டா ஒரு கையெழுத்துக்கு கூட பவர் ஒப் எட்டோர்னி எழுதி, நொத்தாரிசு, பத்தரமுல்லயில வெளிநாட்டமைச்சு, அப்புறம் கொழும்புல யூஏஈ எம்பசி, அங்க போனா மறுபடி அத்தாட்சி, அரபி மொழிபெயர்ப்பு. ராத்திரி பஸ்ல போய் ரெண்டு தடவ அலஞ்சிட்டேன். எங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா யாருக்கு போகும்ன்றதும் இருக்கு, முஸ்லிம் அல்லாதவங்க உயில் பதிய 2015ல இருந்து அங்க தனி ஏற்பாடு இருக்கு, வாங்கும்போதே செஞ்சிருக்கணும், நாங்க இன்னும் செய்யல, இந்த வருஷம் கட்டாயம் செய்யணும்.

இப்ப குடியிருக்கிறது கேரளாக்காரர் குடும்பம், ஒரு சின்ன பிள்ளயும் இருக்கு. மார்ச்ல ஒப்பந்தம் முடியுது. வாடகைய கூட்டணும்னா 90 நாளைக்கு முன்ன சொல்லணும், எவ்வளவு கூட்டலாம்னு அரசாங்கத்தோட கணக்கு இருக்கு, அதுக்கு மேல முடியாது. அந்த கணக்குப்படி கொஞ்சம் கூட்டலாம் தான். தம்பி வேண்டாம்ணேன்னு சொல்றான், அந்த மனுசன் ஒரு செக் கூட திரும்ப விடலன்னு. சரின்னுட்டேன்.

அம்மாவுக்கு இப்ப 71. அந்த ஸ்டூடியோவ வித்துட்டு கொட்டகல பக்கம் பத்து பேர்ச்சஸ் வாங்குவோம்னு நானும் தம்பியும் பேசிக்கிட்டிருக்கோம். ஒரு துண்டு பாத்தும் வச்சிருக்கேன், ரோட்டுக்கு மேல, கொஞ்சம் சரிவு. கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துல மண்சரிவு அறிக்க எடுக்கணும், நொத்தாரிசு காணிப்பதிவு கந்தோர்ல 30 வருஷத்து பதிவ தேடிக்கிட்டிருக்காரு. அம்மா நேத்து அந்த துண்ட பாக்க வந்தாங்க, கீழ கெடந்த கல்லு ஒண்ண எடுத்து ஓரமா வச்சிட்டு, இதுல யார் பேரு போடுவீங்கன்னு கேட்டாங்க. உங்க பேரும்மான்னு தம்பி போன்லயே சொல்லிட்டான்.