முதல் சிகரெட் எத்தனை மணிக்கு?

பத்தொன்பது ஆண்டுகள் நாளுக்கு ஒரு பாக்கெட் வீதம் புகைத்த நான், அதை நிறுத்த உதவி கேட்டு ஓர் அரசு மருத்துவமனைக்குப் போன முதல் நாள் முழுக்க வீண். ஓபி சீட்டு தருமிடத்தில் நெஞ்சுநோய்ப் பிரிவு என்று எழுதினார்கள், இருமல் இல்லை என்றதும் அங்கிருந்து மனநலப் பிரிவுக்குத் திருப்பினார்கள், அங்கிருந்த ஊழியரோ, "சிகரெட்டுக்கெல்லாமா சார் சீட்டுப் போட்டு வருவாங்க? இங்க குடிக்குத்தான் பார்க்கிறோம்" என்றார். போதை மீட்பு மருத்துவர் செவ்வாய், வெள்ளி மட்டுமே வருவார் என்பது மதியம் பன்னிரண்டு மணிக்குத்தான் தெரிந்தது. வாசலைத் தாண்டியதும் நான் செய்த முதல் காரியம் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. போகும் முன் கிழமையை விசாரித்துக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை பார்த்த டாக்டரம்மா, எத்தனை சிகரெட் என்று கேட்கும் முன், எழுந்த எத்தனையாவது நிமிடத்தில் முதல் சிகரெட் என்று கேட்டார். பல் துலக்குவதற்கு முன்பே என்றேன். ஐந்து நிமிடத்துக்குள் என்றால் பிடி இறுகியிருக்கிறது என்று பொருளாம். இழுத்த பத்து, இருபது நொடிகளில் நிகோடின் மூளைக்குப் போய், அசிடைல்கோலின் என்ற மூளை வேதிப்பொருள் வந்து பொருந்துவதற்கென்று நரம்புச் செல்களில் இருக்கும் இடங்களில், அதாவது ஏற்பிகளில், உட்கார்ந்து, இன்ப உணர்வைத் தூண்டும் டோபமைனைச் சுரக்க வைக்கிறது. ஆண்டுக்கணக்கில் இது நடக்கும்போது அந்த ஏற்பிகள் மரத்துப்போக, மூளை அவற்றின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்கிறது. இரத்தத்தில் நிகோடின் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைவதால், விடியும்போது அத்தனை ஏற்பிகளும் காலியாகக் காத்துக்கிடக்கும். நாளிலேயே சுவையானது என்று நான் நம்பியிருந்த அந்தக் காலைச் சிகரெட், இரவெல்லாம் சேர்ந்த பற்றாக்குறையை அடைத்ததே தவிர வேறொன்றும் தரவில்லை. ஏமாந்தவனுக்கு வரும் கோபம் எனக்கு அப்போது வந்தது.

நிகோடின் சூயிங்கத்தை ஏற்கெனவே முயன்று கைவிட்டிருந்தேன். மருந்துக்கடையில் 2 மில்லிகிராம் வாங்கி, டீயும் கையுமாகச் சாதாரண சூயிங்கம்போல் மென்றதில் விக்கலும் தொண்டை எரிச்சலுமே மிச்சம். என் தவறு மூன்று. நிகோடின் கன்னத்தின் உட்புறம் வழியாகத்தான் உறிஞ்சப்படும். விழுங்கினால் பெரும்பகுதி வீண். ஆகவே காரம் ஏறும்வரை மென்று, கன்னத்தில் ஒதுக்கிவைத்து, காரம் அடங்கியதும் மறுபடி மெல்ல வேண்டும். டீ, காபி குடித்துக் கால் மணி நேரமாவது கழிய வேண்டும், ஏனெனில் வாயில் அமிலம் இருந்தால் உறிஞ்சப்படாது. என்னைப் போன்றவர்களுக்கு 4 மில்லிகிராம் தேவை. மூன்று கடைகளில் அது இல்லை. நான்காவது கடைக்காரர் சீட்டைப் பார்த்து மறுநாள் வரவழைத்துத் தந்தார்.

சிகரெட்டை விட்ட மூன்றாம் நாள்தான் கொடுமை: செய்தித்தாளில் ஒரே பத்தியை நான்கு முறை படித்தும் மண்டையில் ஏறவில்லை. சிகரெட் பாக்கெட்டில் அச்சிட்டிருக்கும் 1800-11-2356 என்ற, புகையை விட உதவும் எண்ணை அன்று அழைத்தேன். தமிழிலேயே பேசினார்கள், பொறுமையாகவும் பேசினார்கள்.

இரண்டாம் வாரம் நெஞ்சு படபடத்து, இரவில் தூக்கம் போனது. நிகோடின் ஏக்கம்தான் என்று நினைத்து ஒன்றைக் கொளுத்தவே போய்விட்டேன். குற்றவாளி காபி. சிகரெட் புகை கல்லீரலை முடுக்கிக் காஃபீனை வேகமாகக் கரைக்க வைக்குமாம். புகை நின்றதும் அதே நான்கு டம்ளர் காபி உடம்பில் இருமடங்காக நிற்கிறது. இதை முதல் நாளே யாராவது சொல்லியிருக்கலாம்.

கூடிப்போன ஏற்பிகள் பழைய அளவுக்குத் திரும்ப ஆறு முதல் பன்னிரண்டு வாரங்கள் ஆகுமாம். எனக்கு இது பதினொன்றாவது வாரம். காலையில் பல் துலக்கிவிட்டு அரை டம்ளர் காபியோடு நிறுத்திக்கொள்கிறேன். மிஞ்சும் டிகாக்‌ஷனை என்ன செய்வது என்பதுதான் இப்போது வீட்டில் வழக்கு.